லோ வோல்டேஜ்

பெர்த்திலிருந்து எழுதியிருக்கிறாய், ஷெரில்:
"ஆன்ட்டி, உங்கள் குழுவின் வரலாறு வேண்டும்,
இசைத்தட்டு உறைக்குள் அச்சிட.
இருநூறு சொற்கள் போதும்."

இருநூறில் அடங்காது.
இரண்டில் வேண்டுமானால் அடங்கும்:
லோ வோல்டேஜ்.
எங்கள் பெயரும் அதுதான், நடந்ததும் அதுதான்.

எண்பத்தாறு. ரிச்சி தெருவில் இதாயத்தின் கடை.
ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு
ஈயப் புகைக்குள் உட்காருவோம்.
உடைந்த ஆர்மோனியத்தின் கட்டைகள்,
யாரும் திரும்ப வாங்க வராத டிரான்சிஸ்டர்களின் குடல்,
பர்மா பஜாரில் உன் அப்பா நெவில்
தன் வாட்சைக் கொடுத்து வாங்கிய ஐசி,
எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டியில் அடைத்து
இதாயத் சின்தசைசர் செய்தான்.
முதலில் அது ஆட்டோ ஹாரன் மாதிரி கத்தியது.
மூன்றாம் வாரம் அழுதது.
"இப்பப் பாடு அமலி" என்றான்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் போடுகிறவள்.
"திருச்சி லைன்ல இருக்கு, பேசுங்க" என்கிற
அதே குரலில்தான் பாடினேன்.
வேறு குரல் கைவசம் இல்லை.

பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட், கிறிஸ்துமஸ் டான்ஸ்.
முதல் பாட்டுக்கு ஜோடி ஜோடியாக நின்றார்கள்.
இரண்டாம் பாட்டுக்குப் பிரியாணி வரிசையில் நின்றார்கள்.
ஒரேயொரு ரிட்டையர்டு ஃபயர்மேன் நாற்காலியை விட்டு எழவில்லை.
"எஞ்சின் மூச்சு விடுற மாதிரியே இருக்கும்மா" என்றார்.
இன்றுவரை எங்களுக்கு வந்த ஒரே விமர்சனம்.

கேசட் முந்நூறு போட்டோம்.
விற்றது எண்பத்தெட்டு. அதில் முப்பத்தொன்றை
உன் அப்பாவின் அம்மாவே வாங்கினார்.
மிச்சத்தின் ஓட்டையில் காகிதம் திணித்து
என் வீட்டில் ஜெபமாலை பதிந்தார்கள்,
எங்கள் தெரு வட்டச் செயலாளர் தன் பேச்சைப் பதிந்துகொண்டார்.

புகழும் வந்தது. பதினான்கு விநாடி.
புரசைவாக்கத்து ஜவுளிக்கடைக்கு ரேடியோ விளம்பரம்.
ஊரே முணுமுணுத்தது, யாரென்று தெரியாமல்.
கூலியாக ஆளுக்கொரு சட்டைத்துணி,
எனக்கும்தான், இலைப்பச்சையில்.
பிறகு ஒரு படத்தில் பேய் வரும் காட்சிக்கு
பெட்டியோடு வரச்சொன்னார்கள்.
இருநூற்றைம்பது ரூபாய். டைட்டிலில் பெயர் இல்லை.
பேய்க்கு இருந்தது.

சண்டை போட்டுப் பிரிந்தோம் என்று எழுதிவிடாதே.
தொண்ணூற்றொன்றில் மீனம்பாக்கத்தில்
பெட்டி எடை கூடுதல் என்றார்கள்.
உன் அப்பா ரெண்டு வருஷம் என்றான்.
அங்கிருந்து வந்த முதல் கடிதம் என்னிடம் இருக்கிறது:
"இங்கே கரண்ட் மயிரிழை அசையாது, அமலி.
புது கீபோர்டு வாங்கினேன்.
சுருதி வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.
அதோடு என்ன பேசுவது என்று தெரியவில்லை."

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன்.
'கடைசி வண்டி' பாட்டில் மூன்றாம் நிமிஷம்
எல்லாமே அரைக் கட்டை இறங்குகிறது,
கம்ப்யூட்டரில் சரிசெய்யலாமா என்று கேட்கிறாய்.

அது மே மாதம், சாயங்காலம் ஏழு மணி.
குவார்ட்டர்ஸ் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பதிந்தோம்.
ஒர்க் ஷாப் விட்டு வந்தவர்கள்
வரிசையாக ஃபேனைப் போட்டார்கள்,
யாரோ மோட்டார் போட்டார்கள்,
பல்பு மஞ்சளாகி, ஆரஞ்சாகி,
பெட்டி மெல்ல இறங்க ஆரம்பித்தது.
நிறுத்தலாம் என்று இதாயத் கை தூக்கினான்.
உன் அப்பா என்னைப் பார்த்துத் தலையாட்டினான்.
நான் அதன் பின்னாலேயே இறங்கினேன்,
இருட்டில் படி தேடுகிற கால் மாதிரி.

தொடாதே, ஷெரில்.
அந்த அரைக் கட்டையில்
பெரம்பூர் முழுக்க வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுகிறது.

இன்னொன்று. இதாயத்தின் பெயரில் ஒற்று விடாமல் போடு.
இப்போது செல்போனுக்குக் கண்ணாடி மாற்றுகிறான்.
பெட்டி அவன் கடைப் பரணில் இருக்கிறது.
போன வாரம் செருகிப் பார்த்தானாம்.
இப்போதெல்லாம் நம் ஊரிலும் கரண்ட் ஒழுங்கு.
கொஞ்சம் ஹாரன் மாதிரிதான் கத்துது என்றான்.